எஸ்கோல் திராட்சரசத்தின் உரிமையாளர்

ஆகஸ்ட் 4

இன்று திருவிருந்தில் கொடுத்த திராட்சரசம் காடியாகியிருந்தது. முழங்காலில் நின்றபடி முகம் சுளிப்பது முறையல்ல என்பதால் விழுங்கித் தொலைத்தேன். ஆராதனை முடிந்ததும் குருவானவரைப் பிடித்துக் கேட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வேதியியல் நடத்திய என் வாயில் அசிட்டிக் அமிலத்தை ஊற்றிவிட்டுச் சமாதானத்தோடே போ என்பது நியாயமில்லை.

"என்னம்மா செய்ய? மணியடிக்கிற கோயில்பிள்ளை உலந்த திராட்சைய வேகவச்சுப் பிழிஞ்சு வைக்காரு. ரெண்டு வாரம் தாங்க மாட்டேங்கு. நம்ம வட்டாரத்துல எல்லாச் சபையிலயும் இதே கததான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வந்து சேரும்வரை மென்றுகொண்டிருந்தேன்.

சுகந்தி காய்ச்சும் திராட்சரசம் மாதக்கணக்கில் கெடாது. கொதிநிலைக்குக் கீழே, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். எந்தத் தோட்டத்துப் பன்னீர் திராட்சை என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. சுகந்தி என் மகன் ஜெபசிங்கின் மனைவி. அவன் மஸ்கட்டில் இருக்கிறான். இவள் பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். கேட்பவர்களிடம் விசா சிக்கல் என்று சொல்லியிருக்கிறேன். இது நான்காவது ஆண்டு. இவ்வளவு காலம் சிக்கிக்கொண்ட விசா வேறு எங்கும் இருக்காது.

ஜெபசிங் டிசம்பரில் வருகிறான். வீட்டை விற்று என்னைக் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ப்பது அவன் திட்டம். சுகந்தியை எங்கே சேர்ப்பது என்பது அந்தத் திட்டத்தில் இல்லை. அவன் வருவதற்குள் இந்த வீட்டின் பின்கட்டில், சுகந்தி கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்துகொண்டு, சட்டப்படி ஒரு தொழில் நடந்தாக வேண்டும். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. பின்கட்டு சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9

வக்கீல் பால்துரையின் அலுவலகம். மேசை சுத்தமாக இருந்ததால் நம்பிக்கை பிறந்தது.

நானும் சுகந்தியும் கூட்டாளிகளாக ஒரு நிறுவனம்; பின்கட்டை அந்த நிறுவனத்துக்கு நீண்ட கால வாடகைக்கு விட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது; பிறகு உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாநகராட்சி உரிமம், மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவது. நான் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து நடுவில் பேனாவை நிறுத்தினார்.

"மேடம், தப்பா நெனைக்காதிய. வீடு நீங்க சம்பாதிச்சு வாங்குனது. உயில்ல மருமக பேருக்கே எழுதிட்டா ஜோலி முடிஞ்சிதே. எதுக்கு இவ்வளவு சுத்து?"

"குடுத்தா அவ வாங்க மாட்டா. போன வருஷம் என் சங்கிலியக் குடுத்தேன். பத்திரமாப் பேப்பர்ல மடிச்சு என் தலகாணிக்கு அடியிலயே திருப்பி வச்சிட்டா."

"அப்ப மகனுக்கு?"

"அவனப் பெத்தது நாந்தான். அந்தக் கணக்க வீட்டோட தீத்திரலாம். ஆனா அவன் கைக்கு வீடு போறப்ப, பின்கட்டுல யாரு இருக்காங்களோ அவங்கள அவன் கிளப்ப முடியக் கூடாது. அதுக்குச் சட்டத்துல வழி இருக்கா இல்லையா?"

"இருக்கு மேடம். பதிவு செஞ்ச வாடக ஒப்பந்தம் வாரிசையும் கட்டும்."

அப்படியானால் வேலையைப் பாருங்கள் என்று எழுந்து வந்தேன். அவர் அலுவலகத்துப் படிக்கட்டு தேவைக்கு மேல் செங்குத்தாக இருக்கிறது. இடையில் நின்று சுவரில் ஒட்டியிருந்த கோச்சிங் சென்டர் விளம்பரத்தை முழுவதும் படித்துவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 12

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. புதிய உருளை கசிந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 17

பெயர் வைக்கும் பிரச்சினை. நான் 'தூய திராட்சைச் சாறு' என்றேன். மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று சுகந்தி சிரித்தாள்.

"எஸ்கோல்னு வைப்போம் அத்தை. பைபிள்ல ஒரே திராட்சக் குலைய ரெண்டு பேரு கம்புல கோத்துத் தூக்கிட்டு வந்தாங்கள்லா, அந்தப் பள்ளத்தாக்கு. சபைக்காரங்க அத்தன பேருக்கும் தெரியும். பாட்டில்ல படமும் போட்டுரலாம்."

"அந்த ரெண்டு பேரும் உளவாளிகள்."

"உளவாளின்னா என்ன, சரக்கு நல்ல சரக்குல்லா?"

பெயர் எஸ்கோல் என்று முடிவாயிற்று. யோசித்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. என் பெயர் தயாவதி. எழுபத்து மூன்று வயதில் தயவும் இல்லை, அந்தப் பெயரை எதற்கும் சூட்டும் ஆசையும் இல்லை.

ஆகஸ்ட் 26

இருதய மருத்துவரிடம் போனேன். சுகந்தியிடம் பல் வலி என்று சொல்லியிருந்தேன். இளைஞர். வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார். காகிதத்தில் இருதயத்தின் படம் வரைந்தார். மேல் அறைகளைக் கீழ் அறைகளைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார். திருத்திக் கொடுத்தேன்.

"எப்ப அட்மிட் ஆகுறீங்க?"

"எனக்கு ஒரு பத்திரப் பதிவு இருக்கு. முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கட்டணத்தைச் செலுத்திவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 2

கூட்டாண்மைப் பத்திரத்தின் வரைவு. பால்துரை உரக்கப் படிக்க நானும் சுகந்தியும் எதிரில் உட்கார்ந்து கேட்டோம். இலாபம் சரிபாதி, வங்கிக் கணக்கில் இருவருள் எவர் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம், எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 'மேற்படி தயாவதி அவர்கள் இறந்துபோகும் பட்சத்தில்' என்ற இடத்தில் வந்து நின்றார்.

"இங்கதான் மேடம் ஒரு முடிச்சு. கூட்டாளி ரெண்டே பேரா இருந்து, ஒருத்தர் தவறிட்டா கம்பெனி தானா கலைஞ்சிரும். தனியா ஒருத்தர் கூட்டாளியா இருக்க முடியாதுல்லா. கம்பெனி கலைஞ்சா, அது பேருல இருக்க வாடக ஒப்பந்தத்துலயும் உங்க மகன் ஓட்ட கண்டுபிடிச்சிருவாரு. மூணாவதா ஒருத்தரச் சேத்தாத்தான் நிக்கும்."

கல்லூரியில் எத்தனையோ சமன்பாடுகளைப் போட்டிருக்கிறேன். இந்த எளிய கழித்தலைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்று போனால் ஒன்று. சட்டத்துக்கு அந்த ஒன்று போதாது.

"சரி, மூணாவது ஆளப் பாப்போம். இப்ப இந்த வரைவுல ஒரு கையெழுத்துப் போடு" என்று சுகந்தியிடம் சொன்னேன்.

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க செத்தா என்ன ஆகும்னு எழுதியிருக்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் சாகவே மாட்டேன்னு எழுதித் தந்தா, சார்பதிவாளர் பதிய மாட்டாரு."

பால்துரை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படித்த பெண், கணிதத்தில் பட்டம் வாங்கியவள். மூடநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5

ஜெபசிங் தொலைபேசியில் அழைத்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்னம்மா, இந்த வயசுல யாவாரம்? அதுவும் அவளச் சேத்துக்கிட்டு? கம்முன்னு அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க நிம்மதியா இருங்க."

"அவ அம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு. துட்டி கேட்டு நீ ஒரு ஃபோன் கூடப் போடல."

மறுமுனையில் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

செப்டம்பர் 13

மூன்றாவது ஆளுக்கான தேடலில் என் கணவரின் தங்கை பாக்கியத்தை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, என்னைவிட ஏழு வயது இளையவள், தினமும் நடைப்பயிற்சி போகிறவள், எளிதில் சாகக்கூடிய தோற்றம் இல்லை. சட்டத்துக்கு அதுவே போதும்.

மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஏன் மதினி, உங்களுக்கே நல்லாருக்கா? பெத்த பிள்ள வீட்ட விக்கக் கூடாதுன்னு நீங்க பத்திரம் போடுவிய, அதுல அவன் அத்தை நான் கையெழுத்துப் போடணும்! எம் மருமகன் எம் மூஞ்சில முழிப்பானா?"

"அவன் உன் மூஞ்சில முழிச்சு எத்தன வருஷமாச்சு, பாக்கியம்?"

அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, அடுப்படிவரை கேட்கும்படி சொன்னாள்: "அவனுக்கு அங்க ஒரு பிள்ள பிறந்து நடக்க ஆரம்பிச்சாச்சு. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? இனி இவளக் கட்டிக்கிட்டு அழுது என்ன ஆகப் போவுது?"

எனக்குத் தெரியும். வருஷத் தொடக்கத்திலேயே தெரியும். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுச் சுகந்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டும் துலக்கி முடிந்த பின்பும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பாக்கியத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மீதிக் குழம்பைப் பாத்திரத்தில் கேட்டாள். கொடுத்தேன்.

செப்டம்பர் 14

புதிய கண்ணாடிக் குடுவைகள் வந்தன. இருவருமாக வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தோம்.

செப்டம்பர் 24

பேரிடர்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குமுன் தனியார் ஆய்வகத்தில் சரக்கைச் சோதித்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். சுகந்தி ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்று ஆய்வகத்திலிருந்து பேசினார்கள்.

"மேடம், இது ஜூஸ்னு எழுதியிருக்கிய. ஆல்கஹால் பத்து சதவீதம் இருக்கு. அர சதவீதத்தத் தாண்டினாலே ஜூஸ் கிடையாது. மதுவிலக்குப் போலீசுக்குத்தான் நீங்க விண்ணப்பம் போடணும்." பேசியவன் வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கென்று பரணியில், அதாவது பீங்கான் ஜாடியில், ஒரு திராட்சரசம் போட்டு, துணியால் வாய் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிற வழக்கம் உண்டு. அதை ஒயின் என்று யாரும் சொல்வதில்லை. எல்லோரும் இரண்டாம் தம்ளர் கேட்பார்கள். பேராயர் வந்தாலோ சம்பந்தி வந்தாலோ அந்தப் பரணிதான் திறக்கும். அரசாங்கச் சான்றிதழுக்காகப் போகிற பாட்டில் ஆயிற்றே, சாதாரணமாகக் காய்ச்சியதைக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று சுகந்தி நினைத்திருக்கிறாள். போன கிறிஸ்துமஸ் பரணியிலிருந்து வடித்துக் கொடுத்துவிட்டாள்.

"அவங்க ருசி பாத்துத்தான் சர்டிஃபிகேட் குடுப்பாங்கன்னு நெனச்சேன் அத்தை."

"ருசி பாத்திருப்பாங்க. அதான் குரல்ல அவ்வளவு சந்தோஷம்."

அந்த அறிக்கை விண்ணப்பத்தோடு போயிருந்தால் எஸ்கோல் பிறப்பதற்கு முன்பே வழக்கில் மாட்டியிருக்கும். நானே நேரில் போய்ப் பேசுகிறேன் என்று புடவை மாற்றினேன். ஆய்வகம் இரண்டாம் மாடி. மின்தூக்கி இல்லை. புடவையைத் திரும்ப மடித்து வைத்தேன். வெயிலும் அதிகம்.

செப்டம்பர் 27

சுகந்தி தனியாகப் போய்வந்தாள். காலையில் காய்ச்சிய பாட்டில்களோடு போய், தன் கண் முன்னால் முத்திரை வைக்கச் செய்திருக்கிறாள். மூடிய பின் பாட்டிலுக்குள் நொதித்தல் தொடங்காமல் இருக்க எந்த அளவு பாதுகாப்புப் பொருள் அனுமதி என்று அங்கிருந்த வேதியியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். முந்தைய அறிக்கையை ரத்து செய்து எழுதி வாங்கியும் வந்துவிட்டாள்.

"அந்தப் பையன் நக்கலாப் பேசுனானா?"

"பேசுனான். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் கிடைக்குமான்னு கேட்டான். போலீசுக்கு விண்ணப்பம் போட்டுட்டுத் தாரேன்னு சொன்னேன்."

இந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாகத் தாழ்ந்த குரலில் நடமாடிய பெண் இவள்தான் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபர் 6

இன்றைய நிகழ்ச்சியை நிதானமாக எழுத வேண்டும்.

மூன்றாவது கூட்டாளியாகக் குருவானவரின் மனைவியைக் கேட்கலாமா என்று பேசுவதற்காகப் பால்துரையிடம் போனோம். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஒரு புதிய வரைவை என் முன்னால் வைத்தார். சுகந்தி முந்தாநாள் தனியாக வந்து அவரைப் பார்த்திருக்கிறாள்.

தனிநபர் நிறுவனம். உரிமையாளர் சுகந்தி. கூட்டாளிகள் எவரும் இல்லை.

"இதுல நான் எங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இல்ல அத்தை."

"என்னது?"

"நீங்க போயிட்டா கம்பெனி கலையும்னுதான சொன்னாரு? அப்ப நீங்க கம்பெனிக்குள்ள இருக்கவே வேண்டாம். வெளிய இருங்க. நீங்க வீட்டுக்காரவிய, நான் வாடகைக்காரி. மாசம் பிறந்தா வாடக தருவேன். சும்மா ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

பால்துரை மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். சட்டப்படி குற்றம் காண ஏதாவது கிடைக்குமா என்று வரைவை இருமுறை படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தொடக்கத்திலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் அதன் நடுவில் என்னை உட்கார வைத்துப் பழகியதால், நான் இல்லாமல் ஓர் ஏற்பாடு நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யோசனை சொன்னவள் நான், வெப்ப அளவைச் சொன்னவள் நான், வீடு என்னுடையது.

"அப்ப காய்ச்சுறப்ப சூட்ட யாரு பாப்பா?" என்றேன். சற்றுச் சிறுபிள்ளைத்தனமான கேள்விதான்.

"நீங்கதான். தரம் பாக்க ஆள் வேணும்லா. சம்பளத்துக்கு எடுத்துக்கிடுதேன்."

"எனக்குச் சம்பளமா?"

"சும்மா நீங்களும் ஒண்ணும் தரக் கூடாது."

பால்துரையின் படிக்கட்டில் இன்று அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் விளம்பரம் படிக்க நின்றபோது அவளும் நின்று படித்தாள்.

அக்டோபர் 7

மாலையில் அவள் சுட்ட அடையைச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது, சொல்லவில்லை.

அக்டோபர் 8

தர மேற்பார்வையாளர் என்ற பதவிப் பெயருக்குச் சம்மதித்தேன். வேலை நேரத்தை நானே வகுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16

சார்பதிவாளர் அலுவலகம். பின்கட்டும் அதன் கிணறும் பக்கவழியும் பதினைந்து ஆண்டுகளுக்கு எஸ்கோல் உரிமையாளர் சுகந்திக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. என் வாரிசுகள் எவராயினும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். நிழற்படம், கைரேகை. என் விரல் ரேகை பதியவே இல்லை. அமிலத்தில் கழன்ற தோல் என்று விளக்கினேன். எழுத்தருக்கு அக்கறையில்லை, எண்ணெய் தடவித் துடைக்கச் சொன்னார்.

"இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று சுகந்தியிடம் கேட்டார்.

"மாமியா."

"வீட்டுக்காரி" என்றேன் நான்.

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான, கையெழுத்தப் போடுங்க" என்றார். சுகந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த முறை பேனாவை மூடவில்லை. எல்லாப் பக்கங்களிலும் போட்டாள்.

அக்டோபர் 30

உணவுப் பாதுகாப்புப் பதிவு வந்துவிட்டது. அதிகாரி பின்கட்டைப் பார்த்துவிட்டுப் போனார். கிணற்று நீர் அறிக்கையில் குளோரைடு அளவைத் தவறான அலகில் குறித்திருந்தார்கள் என்று அவரிடம் சுட்டிக்காட்டினேன். நன்றி சொன்னார், முகத்தில் நன்றி இல்லை.

ஒன்பது சபைகள் கிறிஸ்துமஸ் திருவிருந்துக்குச் சொல்லிவைத்திருக்கின்றன.

நவம்பர் 2

ஜெபசிங்கை நானே அழைத்தேன். பத்திரம் பதிவான விவரத்தைச் சொன்னேன். பதினைந்து ஆண்டா என்று கத்தினான்.

"பின்பக்கம் ஆள் குடியிருந்தா எவன்மா வாங்குவான்? எனக்குன்னு நீங்க என்னதான் வச்சிருக்கிய?"

"வீடு உனக்குத்தான்டா. குடியிருக்க ஆளோட."

"அவ எனக்கு யாருமா இப்ப?"

"உனக்கு யாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு மாசம் பொறந்தா வாடக தர்றவ. நல்ல வாடகைக்காரி கிடைக்கது கஷ்டம்."

டிசம்பரில் வருவது சந்தேகம் என்றான். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்றேன். தொடர்பைத் துண்டித்தது அவனா நானா என்று தெரியவில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் சுகந்தி பின்வாசல் நிலையில் நிற்பதைக் கவனித்தேன். கையில் வெப்பமானி. எண்பத்திரண்டு டிகிரி என்று காட்டினாள். இறக்கு என்றேன்.

நவம்பர் 5

காலையில் முறைப்படி உரிமையாளரிடம் போய் விடுப்பு கேட்டேன். அவள் மூடி திருகிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளு?"

"சொல்ல முடியாது."

"காரணம்?"

பல் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை தருகிறவரிடம் பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்ததாக என் பணிக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியும் கிடையாது. வால்வு மாற்ற வேண்டும், பத்தாம் தேதி அனுமதிக்கிறார்கள் என்றேன்.

அவள் கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள். மூடியை மறுபடி எடுத்தாள். திருகினாள். தேவைக்கு மேல் திருகியதில் அது எகிறிப் போயிற்று. குனிந்து தேடி எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நிமிராமல் இருந்தாள். நிமிர்ந்தபோது சொற்கள் தெளிவாக இருந்தன.

"எப்ப வேலைக்கு வருவிய?"

"அது வால்வப் பொறுத்தது."

"வால்வுட்ட நான் கேக்கல. எங்கிட்ட வேல பாக்குறவியட்ட கேக்கேன். டிசம்பர்ல ஒன்பது சபைக்குச் சரக்கு போகணும். எப்ப வருவிய?"

மருத்துவர் சொன்னதையெல்லாம் மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, "டிசம்பர் மூணாவது வாரம்" என்றேன்.

"ரெண்டாவது வாரம். நாக்காலி போட்டுத் தாரேன். உக்காந்து சூட்டப் பாத்தா போதும்."

எனக்குப் பேரம் பேசிப் பழக்கமில்லை. சரி என்று ஒப்புக்கொண்டேன்.